கூடுதுறையின் இரு கரைகள்: வின்னிபெக் ஃபோர்க்ஸும் செயின்ட் போனிஃபேஸ் பிரெஞ்சுக் கல்லூரியும்

வியாழன்: ஃபோர்க்ஸ்

கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகர் வின்னிபெக்கில் ஆற்றங்கரைக்குக் கிளம்பும் முன் ஓர் எண்ணைப் பார்த்துவிடுங்கள்: ஜேம்ஸ் அவென்யூ நீரேற்று நிலையத்தில் அளக்கப்படும் ரெட் நதியின் மட்டம். குளிர்காலத்து இயல்பு மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணுவது அது. ஆற்றின் ஆழம் என்று எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பும். கோடையில் 6.5 அடியை ஒட்டி நிற்கும். 8.5 அடியைத் தாண்டினால், இரண்டு ஆறுகள் கூடும் இடத்திலுள்ள ஃபோர்க்ஸ் பூங்காவின் கீழ் நடைபாதை தண்ணீருக்குள் போய்விடும்.

ஏப்ரல், மே மாதங்களில் அந்த நடைபாதை அநேகமாக முங்கியே கிடக்கும். மழை மிகுந்த ஆண்டுகளில் ஜூலையிலும் அதே கதைதான். தண்ணீர் வடிந்த கையோடு இறங்கிவிடவும் முடியாது. ஆறு விட்டுப்போகும் களிமண்ணை வழித்துக் கழுவும்வரை படிக்கட்டுகளை அடைத்தே வைத்திருப்பார்கள். அந்தக் களிமண் ஈரத்தில் சோப்புக் கட்டிபோல வழுக்கும், காய்ந்தபின் செருப்பை விட்டுப் பிரியாது. செப்டம்பர்தான் எங்கள் பரிந்துரை. தண்ணீர் தணிந்திருக்கும், கொசு ஓய்ந்திருக்கும், ஆற்றோர மரங்கள் மஞ்சளுக்கு மாறத் தொடங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்க்கரைக் கல்லூரியில் வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு வெள்ளம் ஏன் என்பதை இங்கே நின்றே புரிந்துகொள்ளலாம். ரெட் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அமெரிக்கப் பகுதியில் பனி முதலில் உருகி நீர் கிளம்பிவிடும். வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். வந்த நீர் பனிக்கட்டியில் முட்டித் தேங்கும். அகாசிஸ் என்னும் பழைய பனியுக ஏரியின் அடித்தளம் இந்தச் சமவெளி. சரிவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. களிமண் தண்ணீரை உறிஞ்சாது. கரை மீறினால் பரவுவதைத் தவிர ஆற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது. 1826-இல் ஜேம்ஸ் அவென்யூ கணக்கில் சுமார் 36.5 அடி, 1950-இல் 30.3 அடி. அதன் பிறகுதான் மாகாண முதல்வர் டஃப் ராப்லினின் அரசு நகரைச் சுற்றி 47 கிலோமீட்டர் வெள்ளக் கால்வாய் வெட்டியது. 1962-இல் தொடங்கி 1968-இல் முடிந்த வேலை. 1997-இல் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தும் நகருக்குள் மட்டம் 24.5 அடியோடு நின்றதற்கு அந்தக் கால்வாய்தான் காரணம்.

மேற்கிலிருந்து வரும் அசினிபோயின் நதி ரெட் நதியில் சேரும் முனைதான் ஃபோர்க்ஸ். குறைந்தது 6,000 ஆண்டுகளாக மனிதர்கள் கூடிய இடம் என்று அகழாய்வு சொல்கிறது. பிரெஞ்சு ஆய்வுப்பயணி லா வெரென்ட்ரியின் ஆட்கள் 1738-இல் ரூஜ் கோட்டையை இந்தப் பகுதியில்தான் கட்டினார்கள். பிறகு நார்த் வெஸ்ட் கம்பெனியின் ஜிப்ரால்டர் கோட்டை, அதன்பின் ஹட்சன்ஸ் பே கம்பெனியின் கேரி கோட்டை. எல்லாம் விலங்குகளின் மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காக. 1880-களின் முடிவில் ரயில்வே வந்து இடத்தை வளைத்துக்கொண்டது. அடுத்த நூறு வருடம் வின்னிபெக்காரர்களுக்கே தங்கள் ஊரின் கூடுதுறைக்குப் போக வழியில்லை, தண்டவாளமும் சரக்குக் கொட்டகையும்தான். 1974-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்து, 1989-இல் பூங்காவாகத் திறந்தார்கள்.

ரயில்வேயின் மிச்சங்கள் அப்படியே புழக்கத்தில் இருக்கின்றன. ஃபோர்க்ஸ் மார்க்கெட் என்பது 1909, 1910-ஆம் ஆண்டுகளின் இரண்டு குதிரை லாயங்களை நடுவில் கண்ணாடிக் கூரை போட்டு இணைத்தது. குழந்தைகள் அருங்காட்சியகம் இருப்பது 1889-இன் ரயில் பழுதுபார்ப்புக் கொட்டகையில். ரயிலில் வருபவர்களுக்கு இன்னும் வசதி: 1911-இன் யூனியன் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் பின்புறமே பூங்கா.

மார்க்கெட்டில் சாப்பாடு: வார இறுதியில் பன்னிரண்டு மணிக்கு முன் போய்விடுங்கள், அப்புறம் மேசை கிடைப்பது கஷ்டம். மீன் சாப்பிடுபவர்கள் பிக்கரலைக் கேளுங்கள். மனிடோபா ஏரிகளின் நன்னீர் மீன், முள் குறைவு. சைவர்கள் மூன்று இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். பூட்டின் என்ற உருளைக்கிழங்குப் பண்டத்தின் மேல் ஊற்றும் குழம்பு பெரும்பாலும் மாட்டு அல்லது கோழிச் சாறு. பிரெஞ்சுப் பட்டாணி சூப்பில் பன்றித் தொடைக்கறி கிடக்கும். கேட்டால் சொல்லிவிடுவார்கள், கேட்காவிட்டால் 'பட்டாணி சூப்' என்று மட்டும் பலகையில் எழுதியிருக்கும். பெரோகி என்ற உக்ரேனியக் கொழுக்கட்டைக்குள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்தான், ஆனால் மேலே பன்றிக்கறித் துணுக்குகளைத் தூவுவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

பூங்காவில் அவசியம் உட்கார வேண்டிய இடம் ஊடெனா. பள்ளமாக வெட்டிய வட்ட அரங்கு, சுற்றிலும் கல்லும் இரும்புமாக நிற்கும் தூண்கள். வெறும் அலங்காரமாகத் தெரியும். அருகே போனால் சூரியன், விண்மீன்களின் திசைகளுக்குக் குறிவைத்து அமைத்தவை என்பது புரியும். பகலில் போனவர்கள் இரவில் மறுபடி வந்து பார்ப்பது நல்லது. அங்கிருந்து பழைய ரயில் பாலத்தின் மேல் நடந்து அசினிபோயினைக் கடந்தால் எதிர் முனை. சந்தடி குறைவு. இரண்டு ஆறுகளும் சேர்வது அங்கிருந்துதான் ஒழுங்காகத் தெரியும்.

மனித உரிமைகள் அருங்காட்சியகத்தை (2014, கட்டடக் கலைஞர் அன்டோயின் ப்ரெடாக்) இதோடு சேர்த்து அமுக்க வேண்டாம். அதற்கு அரை நாளாவது தனியே தேவை. உள்ளே போக நேரமில்லாதவர்கள் வெளிச்சுவரின் டிண்டால் கல்லையாவது கிட்டப் போய்ப் பாருங்கள். வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் பழுப்பு நிறத்தில் கிளைகிளையாக ஓடும் திட்டுகள், 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடலின் அடிச்சேற்றில் உயிரினங்கள் துளைத்த வளைகள். இடையிடையே சுருண்ட ஓடுகளும் பவளங்களும் அறுபட்டுத் தெரியும்.

நாளை ஆற்றைக் கடந்து, வின்னிபெக்கின் பிரெஞ்சுப் பகுதியான செயின்ட் போனிஃபேஸுக்குப் போகிறோம். பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் பாலத்தின் நடுவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் எதிர்க்கரைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

வெள்ளி: செயின்ட் போனிஃபேஸ்

மார்க்கெட்டிலிருந்து எஸ்ப்ளனாட் ரியெல் நடைபாலம் வழியாகத் தேவாலயத்துக்குப் பதினைந்து இருபது நிமிட நடை. வண்டிகளுக்குப் பக்கத்திலேயே தனிப் பாலம். ஒற்றைத் தூணிலிருந்து கம்பிகள் விசிறியாக இறங்கும் நடைபாலத்தை வடிவமைத்தவர் எத்தியென் கபூரி. பெயரை நினைவில் வையுங்கள், இந்தக் கரையில் திரும்பத் திரும்ப வருவார். பாலத்தில் காற்று எப்போதும் பலம். செப்டம்பரிலும் காதை மூடும் மாதிரி ஏதாவது வேண்டும்.

போக வேண்டிய வரிசை முக்கியம். தேவாலயத்தின் முகப்பு மேற்கே ஆற்றைப் பார்த்தது. காலையில் நேராக அங்கே போனால் வெயில் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும். முகப்பு கருத்துவிடும், படம் எடுபடாது. காலையில் கல்லூரி, நடுப்பகலில் அருங்காட்சியகம், மூன்று மணிக்கு மேல் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும். நான்கும் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால் வரிசையை மாற்றுவதில் நடை கூடாது.

கல்லூரி இன்று செயின்ட் போனிஃபேஸ் பல்கலைக்கழகம். முகவரி 200, அவென்யூ த லா கதீட்ரால். மேற்குக் கனடாவில் இதைவிடப் பழைய வேர் கொண்ட உயர்கல்வி நிறுவனத்தைக் காட்டுவது கடினம். 1818 ஜூலை 16-ஆம் தேதி க்யூபெக்கிலிருந்து வந்திறங்கிய பாதிரியார் ஜோசப் நொர்பேர் ப்ரோவான்ஷே, கொஞ்ச நாளிலேயே சில சிறுவர்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதுதான் தொடக்கம். 1871-இல் சட்டப்படி கல்லூரி. 1877-இல் மனிடோபா பல்கலைக்கழகம் உருவானபோது அதற்கு அடித்தளமான மூன்று கல்லூரிகளில் இது கத்தோலிக்கரின் பங்கு. மற்ற இரண்டு ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன் சபைகளுடையவை. 1885 முதல் 1967 வரை யேசு சபையார் நடத்தினார்கள். 1922 நவம்பர் 25-ஆம் தேதி இரவில் பழைய கட்டடம் எரிந்து, ஒன்பது மாணவர்களும் யேசு சபைச் சகோதரர் ஒருவரும் இறந்தார்கள். நூலகமும் போயிற்று. மிஞ்சியவர்கள் சிறு குருமடத்தின் (பாதிரியாராக விரும்பும் சிறுவர்களின் பள்ளி) கட்டடத்துக்கு இடம் பெயர்ந்தார்கள். நடுவில் குவிமாடம் வைத்து இன்று நாம் பார்க்கும் கட்டடம் அதுதான். பல்கலைக்கழகம் என்ற பெயர் 2011-இல் வந்தது.

இந்தத் தேதிகளுக்கு நடுவே இன்னொரு வரிசை ஓடுகிறது. அது தெரியாமல் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பார்த்ததாகவே ஆகாது. 1870-இல் மாகாணம் பிறந்தபோது ஆங்கிலமும் பிரெஞ்சும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் சமம். 1890-இல் பிரெஞ்சைச் சட்டம் போட்டு நீக்கினார்கள். 1916-இல் அரசுப் பள்ளிகளில் இருமொழிக் கல்வியும் ஒழிந்தது. அந்தக் காலம் முழுக்க பிரெஞ்சில் உயர்கல்வி பிழைத்திருந்தது, திருச்சபையின் தயவில் நடந்த இந்தக் கல்லூரியில்தான். 1976-இல் இதே செயின்ட் போனிஃபேஸில் ஜார்ஜ் ஃபொரே என்பவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட பார்க்கிங் அபராதச் சீட்டு வந்தது. பணத்தைக் கட்டிவிட்டுப் போகாமல் வழக்குப் போட்டார். 1979 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் 1890 சட்டம் செல்லாது என்றது. 1985-இல் இன்னொரு தீர்ப்பின்படி மாகாணம் தன் சட்டங்களை எல்லாம் பிரெஞ்சிலும் இயற்ற வேண்டியதாயிற்று. மொழிக்காகத் தெருவில் இறங்கிய வரலாறு உள்ள நமக்கு, ஒரு பார்க்கிங் சீட்டின் எடை எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை.

வளாகம் சிறியது. பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வகுப்பு நாட்களில் முன்கூடம், அல்ஃப்ரெ மொனான் நூலகம், எத்தியென் கபூரி பெயரிலான மாணவர் மையம் ஆகியவற்றைச் சுற்றினால் ஒரு மணி நேரம். சனி, ஞாயிறில் கதவுகள் பல பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமையை இதற்கு ஒதுக்கச் சொல்வது அதனால்தான். வரவேற்பில் முதல் சொல் 'போன்ஜூர்' ஆக இருக்கட்டும். அதற்கு மேல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்குவது இங்கே மரியாதைக் குறைவாகப் படும்.

படிக்க வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வின்னிபெக்கில் இடம் என்றதும் மொழியைக் கவனிக்காமல் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. விரிவுரை, கட்டுரை, தேர்வு, ஆய்வகக் குறிப்பு எல்லாமே பிரெஞ்சில்தான். கல்வியியல், செவிலியம், சமூகப்பணி, வணிக நிர்வாகம், மொழிபெயர்ப்பு என்று பட்டப்படிப்புகள். தொழில்நுட்பப் பிரிவில் குறுகிய கால டிப்ளமோக்கள். மாணவர்களில் உள்ளூர் பிரெஞ்சுக் குடும்பத்தினர், பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்த ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மொராக்கோ முதலிய மக்ரெப் நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் எனக் கலவை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இது தோதான இடம். பள்ளியில் இரண்டாம் மொழியாக மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்களுக்கு அந்த அடித்தளம் போதாது.

வளாகத்தில் ஒரு சிலையை விடக் கூடாது. பிளந்த உருளைபோல எதிரெதிரே வளைந்து நிற்கும் இரண்டு உயரமான கான்கிரீட் சுவர்கள், நடுவே முறுக்கிய உடலோடு ஆடையின்றி நிற்கும் லூயி ரியெல், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டீ மக்களின் தலைவர். சிற்பி மார்சியன் லெமே, சுவர்கள் கபூரியுடையவை. 1971-இல் மாகாணச் சட்டமன்ற வளாகத்தில் வைத்தார்கள். தங்கள் தலைவரை இப்படி வதைபடும் உருவமாகக் காட்டுவதை மெட்டீ மக்களில் பலர் ஏற்கவில்லை. இரு தரப்பு வாதங்களும் ஆண்டுக்கணக்கில் நீண்டு, 1994-இல் அங்கிருந்து அகற்றி, மறு வருடம் இங்கே நிறுத்தினார்கள். சட்டமன்றத்தில் இப்போது இருப்பது கோட்டு அணிந்து கம்பீரமாக நிற்கும் வேறொரு ரியெல். முடிந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் பாருங்கள். எங்கள் மனம் இந்தக் கல்லூரிச் சிலையின் பக்கம்தான். சுவரைச் சுற்றி வந்து இடுக்கு வழியாகப் பார்க்கும்போதுதான் உடல் முழுவதும் தெரியும் என்ற அமைப்பே ஒரு சிந்தனை.

அடுத்து தாஷே அவென்யூவில் செயின்ட் போனிஃபேஸ் அருங்காட்சியகம். 1844-இல் மாண்ட்ரியலிலிருந்து படகில் வந்த நான்கு சாம்பல் நிறச் சபைக் கன்னியருக்காகக் கட்டிய மடம். 1846-இல் தொடங்கி 1851-இல் முடிந்தது. வின்னிபெக்கில் நிற்பவற்றில் மிகப் பழைய கட்டடம். வெளியே பலகை அடித்து வெள்ளை பூசியிருப்பதால் சாதாரண வீடு மாதிரி இருக்கும், உள்ளே ஓக் மரம். கட்டிய விதம் தச்சுவேலை தெரிந்தவர்களுக்கு விருந்து. செங்குத்துக் கம்பங்களின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் காடி வெட்டுவார்கள். சதுரமாகச் செதுக்கிய படுக்கைக் கட்டைகளின் இரு முனையிலும் கழுந்து எடுத்து, மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அந்தக் காடியில் இறக்குவார்கள். சுவருக்கு ஆணி வேண்டாம். நீண்ட மரம் கிடைக்காத புல்வெளிப் பகுதியில் குட்டைக் கட்டைகளாலேயே எவ்வளவு நீளமும் கட்டலாம். கம்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சரி. மரம் காய்ந்து சுருங்கும்போது கட்டைகள் காடிக்குள்ளேயே இறங்கி அமர்ந்துகொள்ளும். இடைவெளியில் களிமண்ணும் வைக்கோலும். இந்த முறையில் கட்டிய மற்றவை பல எரிந்தும் இடிந்தும் போக, இது நிற்கிறது. திறப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று மணிக்குத் தேவாலயம். இதே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவாலயங்கள் எழுந்தன. 1860-இல் ஒன்று எரிந்தது. 1908-இல் எழுந்த பெரிய ஆலயம் 1968 ஜூலை 22-ஆம் தேதி எரிந்து, முகப்பும் சுவர்களும் மட்டும் மிஞ்சின. அவற்றை இடிக்காமல், உள்ளே பின்பகுதியில் சிறிய ஆலயம் ஒன்றை 1972-இல் எழுப்பியவர் கபூரி. முகப்பின் நடுவில் பெரிய ரோஜாச் சாளரம் இருந்த வட்டம் வெறுமையாக நிற்கிறது. கூரையில்லாத நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கல்லில் நெருப்பு பட்ட தடங்கள் தெரியும். உள்ளே வழிபாடு நடக்கும் ஆலயம், திருமணமும் அடக்கமும் நடக்கும் நேரத்தில் வெளியிலேயே நின்றுவிடுவது முறை.

முகப்புக்கு முன்னாலேயே லூயி ரியெல் கல்லறை. கல்லில் பெயர், '16 நவம்பர் 1885' என்ற தூக்கிலிடப்பட்ட தேதி, அவ்வளவுதான் வாசகம். 1869 அக்டோபரில் மெட்டீ நிலங்களைச் சதுரம் சதுரமாக அளக்க வந்தவர்களை ரியெலும் தோழர்களும் தடுத்தார்கள். இங்கே நிலம் ஆற்றுமுகத்தில் ஒடுங்கி, பின்னால் இரண்டு மைல் நீளும் பட்டைகளாக இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் படித்துறை, கரையோர மரம், உழவு நிலம், கடைசியில் புல்வெளி. சதுரமாகக் கூறு போட்டால் ஒருவனுக்கு ஆறு கிடைக்கும், இன்னொருவனுக்குக் கிடைக்காது. அந்தச் சண்டைதான் தற்காலிக அரசாகி, மனிடோபா மாகாணமாக முடிந்தது. அதன் விலையைத் தாஷே அவென்யூவில் உள்ள எல்செயார் கூலே நினைவுப் பூங்கா சொல்கிறது. ரியெலின் ஆட்களில் ஒருவரான கூலே, 1870 செப்டம்பரில் துரத்தியவர்களிடமிருந்து தப்ப இந்த ஆற்றில் குதித்து நீந்தியபோது, கல்லெறி பட்டு மூழ்கினார்.

சனி: விட்டியர் பூங்கா

தேவாலயத்திலிருந்து வடக்கே, ரயில் பாதையைத் தாண்டி, ஆற்று வளைவில் விட்டியர் பூங்கா. நடந்தால் அரை மணி நேரம். பேருந்தில் போவதானால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள தட எண்களை நம்ப வேண்டாம். 2025 ஜூன் இறுதியில் வின்னிபெக் தன் பேருந்து வலையமைப்பையே மாற்றிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் மீதிச் சில்லறை கிடைக்காது.

பூங்காவில் நிற்கும் ஜிப்ரால்டர் கோட்டை 1978-இல் கட்டிய மாதிரி. அசல் இங்கே இருந்ததில்லை. எதிர்க்கரையில், வியாழனன்று நாம் நின்ற கூடுதுறையில் இருந்தது. 1816-இல் ஹட்சன்ஸ் பே ஆட்கள் அதைப் பிடித்துப் பிரித்துப் போட்டார்கள். இரு கம்பெனிகளின் சண்டைக்கு மையத்தில் இருந்தது பெமிக்கன் என்ற உணவு. காட்டெருமைக் கறியை வற்றலாக்கி இடித்து, உருக்கிய கொழுப்பை ஏறக்குறைய சம எடைக்கு ஊற்றி, தோல் பையில் அடைத்துத் தைப்பார்கள். ஒரு பை 90 பவுண்டு. ஆண்டுக்கணக்கில் கெடாது, வேட்டைக்கு நிற்காமல் நாளெல்லாம் துடுப்புப் போடும் படகோட்டிகளுக்கு அதுதான் எரிபொருள். 1814-இல் அதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ரெட் நதிக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனெல் உத்தரவிட்டதும் வியாபாரமே முடங்கும் நிலை வந்தது. 1816 ஜூனில் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் மோதல் உயிர்ப்பலி வரை போயிற்று.

செப்டம்பரில் இந்தப் பூங்கா அமைதியான நடைக்குத்தான். பிப்ரவரியில் வந்தால் வேறு ஊர். 1970 முதல் நடக்கும் ஃபெஸ்டிவல் து வாயஜர் விழா, பிடில் இசை, பனிச் சிற்பங்கள், கொதிக்கும் மேப்பிள் பாகைப் பனியில் ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தரும் மிட்டாய். குளிர் −25 டிகிரிக்குக் கீழே போகும் நாட்கள் சகஜம். இரண்டு தடித்த காலுறைகளைத் திணித்துப் போடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்வது. காலணி இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல் சீக்கிரமே மரத்துப்போகும். ஒரு கம்பளிக் காலுறையும், விரலை அசைக்க இடம் விடும் ஒரு அளவு பெரிய பூட்ஸும் போதும். போனை வெளிப்பையில் வைத்தால் பேட்டரி திடீரென்று செத்துவிடும், சட்டைக்குள் வையுங்கள்.

நகருக்கு வடக்கே, ரெட் நதியின் குறுக்கே லாக்போர்ட்டில் 1910 முதல் இருக்கும் அணையின் திரைகளை இலையுதிர் கால முடிவில் தூக்கிவிடுவார்கள். ரெட் நதி குளிர்கால மட்டத்துக்கு இறங்கி உறையும். பனி போதிய தடிமன் ஆனபின் ஃபோர்க்ஸிலிருந்து ஆற்றின் மேல் சறுக்குப் பாதை திறப்பார்கள், பெரும்பாலும் ஜனவரியில். வெதுவெதுப்பான ஆண்டுகளில் சில வாரம்கூட நிலைப்பதில்லை. சறுக்குக் காலணி மார்க்கெட்டில் வாடகைக்குக் கிடைக்கும், அங்கேயே மாட்டிக்கொண்டு ரப்பர் விரிப்பில் நடந்து பனிக்கு இறங்கலாம். கொடி நட்டுச் செப்பனிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்: பாலத் தூண்களின் அருகிலும் மழைநீர்க் குழாய்கள் ஆற்றில் விழும் இடங்களிலும் பனி மெல்லியது, மேலே பனித்தூள் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, முதலில் அதற்கு எதிராகப் போங்கள். கால் சோர்ந்து திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்.